பெல்லி டான்ஸுக்கு எழும்பி நின்ற பழைய மாணவர்கள்

போன சனிக்கிழமை வெம்பிளியில் ஒரு மண்டபம் நிறைந்த சனம், ஒரு பெல்லி டான்ஸுக்கு எழும்பி நின்று மரியாதை செய்தது. கோட், டை, பட்டுச் சேலை, நெஞ்சில் கை... ஒன்றிலும் குறை இல்லை. முன் மேசைக்காரர் பாட்டும் பாடினார்கள். நானும் எழும்பித்தான் நின்றேன்.

பகிடிக்கு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனுசன் படித்த கல்லூரிக்கு லண்டனில் ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள் — சொன்னால் வீட்டில் இருக்க ஏலாது. வருடத்துக்கு ஒரு விருந்து. அந்த விருந்துக்கு ஒரு செயற்குழு. அதில் என் மனுசன் உப தலைவர். உப தலைவருக்கு என்ன வேலை என்பது இத்தனை வருடத்தில் எனக்கும் விளங்கவில்லை, அவருக்கும் விளங்கவில்லை. கூட்டத்துக்குப் போவார், மட்டன் ரோல்ஸ் சாப்பிடுவார், வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் என்னிடம் ஒப்புவிப்பார். அப்படித்தான் எனக்கு இவ்வளவும் தெரியும்.

சங்கத்தின் செயலாளர் குணம் அண்ணை. அப்டன் பார்க்கில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஒருத்தருக்கும் தீங்கு நினைக்காதவர். அவர் வாயிலிருந்து வருகிற ஒரே பொய் மகள் தாரணியைப் பற்றியது. மகள் என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும், ‘ஐடியில இருக்கிறா’ என்பார்.

தாரணி ஐடியில் இல்லை. பழைய படங்களைப் பாதுகாக்கிற ஓர் இடத்தில் வேலை செய்கிறாள். நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பிலிம் சுருள்கள் அவளிடம் வரும். சுருங்கி, கீறல் விழுந்து, ஓரம் பிய்ந்து, தொட்டால் நொறுங்குகிற நிலையில் வரும். கழுவி, ஒட்டி, ஒவ்வொரு படமாக ஸ்கேன் பண்ணி, கீறல் கீறலாகத் துடைத்து, அதைத் திரும்ப ஓட வைக்க வேண்டும். அரை நிமிடப் படத்துக்கு மாதக்கணக்கில் குந்தியிருப்பாள். கண் போகிற வேலை.

இதில் வெட்கப்பட என்ன கிடக்கு? ஆனால் எங்கள் ஆட்களுக்கு வாய் கூசாமல் சொல்லத் தெரிந்த தொழில்கள் நாலைந்துதான். டொக்டர், இன்ஜினியர், எக்கவுண்டன், ஐடி... முடிந்தது. இதற்குள் அடங்காத பிள்ளையைப் பெற்றவர்கள், கிட்டக் கிடக்கிற ஏதோ ஒன்றுக்குள் பிள்ளையைத் தள்ளிவிடுவார்கள். குணம் அண்ணையும் தள்ளிவிட்டார்.

இந்த வருட விருந்துக்குக் கொஞ்சம் முன்னர் தாரணி எனக்கு ஒரு போன் எடுத்தாள். தான் திருத்திய ஒரு மௌனப் படத்தை விருந்தில் காட்டப் போகிறாளாம். அலுவலகத்தில் அனுமதியும் எடுத்துவிட்டாளாம். முக்கால்வாசி ஆங்கிலத்தில்தான் கதைத்தாள். இது மட்டும் தமிழில் வந்தது:

“அப்பா என்ட வேலையை ஒருநாளும் பாத்ததில்லை, அன்ரி. தனியக் கூப்பிட்டா வரமாட்டார். சங்கம் எண்டா வருவார்தானே.”

பெற்ற தகப்பனுக்குத் தன் வேலையைக் காட்ட ஒரு பிள்ளைக்கு பாங்க்வெட் ஹோல் வேண்டியிருக்கிறது.

குணம் அண்ணைக்கும் உள்ளுக்குள் சந்தோசம் இருந்திருக்க வேண்டும். விபரம் ஒன்றும் கேட்காமல் ‘மௌனப் பட நடனம்’ என்று நிகழ்ச்சி நிரலில் போட்டு அச்சடித்துவிட்டார். நூறு வருடப் பழசு, நடனம் வேறு... கோயில், தீபம், சலங்கை என்று மனிதர் கற்பனை பண்ணிவிட்டார் போல.

பிறகுதான் படம் வந்தது. பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் செயற்குழு கூடி, ‘ஒருக்கா பாத்திட்டு விடுவம்’ என்று போட்டுப் பார்த்தால் — பெல்லி டான்ஸ்.

கண்டறியாத ஒழுக்கசீலர்கள் அதை எத்தனை தரம் பார்த்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? முதல் தரம் சரியாக விளங்கவில்லையாம். அடுத்த தரம் அறையில் வெளிச்சம் கூடிப்போச்சாம், திரைச்சீலையை இழுத்துவிட்டார்களாம். பிறகு பொருளாளர் தொய்லெற்றால் வந்தாராம், அவருக்காக ஒரு தரம். பிறகு மெதுவாக ஓட விட்டு ஒரு தரம். இவ்வளவும் பார்த்து முடித்துவிட்டு, ‘சீச்சீ, இதைக் குடும்பத்தோட இருந்து பாக்கேலாது’ என்று ஏகமனதாகத் தீர்மானம்!

ஏன் ஏலாது? அதே நிகழ்ச்சி நிரலில், பிரைமரி ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஜரிகையும் மினுக்கமும் போட்டு சினிமாக் குத்துப்பாட்டுக்கு ஆட விட்டிருக்கிறார்கள். அதுகள் இடுப்பை வெட்டி வெட்டி ஆட, தாய்மார் மேடைக்குக் கீழே நின்று, ‘இன்னும் நல்லா ஆட்டு’ என்று சைகை காட்டுவார்கள். சாப்பாடு முடிய, விஸ்கி இறங்கிய அங்கிள்மார் பைலாப் பாட்டுக்கு ஆடுகிற ஆட்டத்தைச் சொல்லவே வேண்டாம். அப்போதெல்லாம் எங்கள் கலாசாரம் எங்கே போய்விடுகிறது? கார் பார்க்கில் சிகரெட் பத்திக்கொண்டு நிற்குமாக்கும்.

நிகழ்ச்சி நிரல் அச்சடித்தாகிவிட்டது. செயலாளரின் மகள் வேறு. நிப்பாட்டவும் ஏலாது, காட்டவும் ஏலாது. அப்போதுதான் வீடியோக்கார ரஞ்சன் வாயைத் திறந்திருக்கிறார். எங்கள் கல்யாண வீடு, பெண் பிள்ளை பெரிசாகிற சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் அவர்தான் வீடியோ. பொம்பிளை மாப்பிள்ளையைச் சுற்றி இதயமும் புறாவும் பறக்க விடுவாரே, அவரேதான். ‘மேல ஏதும் ஒண்டைப் போட்டு மறைச்சுவிடுறன் அண்ணை’ என்றிருக்கிறார்.

எதைப் போடுவது? பூப் போட்டால் கல்யாண வீடு மாதிரி இருக்குமாம். பிள்ளையாரைப் போடலாம் என்று ஒரு அறிவாளி சொல்லியிருக்கிறார். வயிற்றுக்கு மேல் வயிறா என்று மற்றவர்கள் அடக்கிவிட்டார்களாம். கடைசியில் குணம் அண்ணைதான் சொன்னாராம் — கல்லூரிச் சின்னத்தைப் போடுங்கோ, அதுக்கு மேல ஒருத்தரும் ஒரு கதை சொல்லேலாது என்று.

எல்லாரும் கை தட்டினார்களாம். என் மனுசனும் தட்டினாராம். அதை விருந்து முடிந்து வீட்டுக்கு வரும்போதுதான் என்னிடம் சொன்னார், அதுவும் பெருமையாக.

இவ்வளவு தூரம் மறைக்க அந்தப் படத்தில் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. அந்தப் பெண் கணுக்கால் வரை பாவாடை, மணிக்கட்டு வரை கை, கழுத்து வரை சட்டை. வயிறே தெரியாது. சட்டை அசைகிறதை வைத்துத்தான் உள்ளே ஒரு வயிறு இருக்கிறது என்று தெரியும். எங்கள் சங்கத்து அன்ரிமாரின் சேலையில் தெரிகிற இடுப்பில் காலே அரைக்கால் கூட அதில் தெரியாது.

தாரணி முதலே எனக்குச் சொல்லியிருந்தாள். அந்தக் காலத்திலேயே இந்த மாதிரிப் படங்களில் சிலதுக்கு, நெஞ்சிலும் இடுப்பிலும் வேலி அடைத்த மாதிரி வெள்ளைக் கோடு பூசித்தான் காட்டினார்களாம். வெள்ளைக்காரன் எப்போதோ கைவிட்ட விசர் வேலையை எங்கள் ஆட்கள் கொம்பியூட்டரில் செய்து முடித்தார்கள். அவளுக்கு இதைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ‘சின்னப் பிள்ளைக்கு ஏன் கவலை’ என்று விட்டுவிட்டார்களாம். சின்னப் பிள்ளைக்கு முப்பது தாண்டிவிட்டது.

சனிக்கிழமை வந்தது. குத்துவிளக்கு, வரவேற்புரை, குத்துப்பாட்டு எல்லாம் முடிந்தது. குணம் அண்ணை மைக்கைப் பிடித்தார். ‘ஐடித் துறையில் பணிபுரியும் செல்வி தாரணி, தன் ஓய்வு நேரத்தில் செய்த ஒரு சிறு முயற்சி’ என்று அறிவித்தார். மேடை ஓரத்தில் நின்ற தாரணியின் முகத்தை நான் பார்த்தேன். ஒரு அசைவும் இல்லை. இந்த வசனத்தை அவள் எத்தனை வீடுகளில் கேட்டிருப்பாள்!

விளக்கு அணைந்தது. திரையில் கல்லூரிச் சின்னம் வந்தது.

இந்தச் சங்கத்து விருந்துகளுக்குப் போனவர்களுக்கு ஒரு வழமை தெரிந்திருக்கும். விளக்கு அணைந்து திரையில் சின்னம் வந்தால், அது கல்லூரி கீதத்துக்கான நேரம். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையை உதறிவிட்டு எழும்ப வேண்டும். இவ்வளவு காலமும் அப்படியே பழகிய சனம். முன் மேசையில் இருந்த ஓய்வுபெற்ற டொக்டர் முதலில் எழும்பினார். டையைச் சரி செய்தார். பிறகு மேசை மேசையாக எல்லாரும். என் மனுசன் என் தோளில் தட்டி, ‘எழும்பு, எழும்பு’ என்றார். யாரோ பாட்டை எடுத்துக் கொடுத்தார்.

சின்னம் ஆடத் தொடங்கியது.

ரஞ்சன் கெட்டிக்காரன். அந்தப் பெண் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயிற்றை விட்டு விலகாத மாதிரிச் சின்னத்தை ஒட்டிவிட்டிருந்தார். வயிறு இடப்பக்கம் போனால் சின்னமும் இடப்பக்கம். வயிறு குலுங்கினால் சின்னமும் குலுங்கும். நடுவில் புத்தகம், மேலே விளக்கு, கீழே ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வரி... எல்லாம் சேர்ந்து இடுப்பை ஆட்டியது. அவவின் கையும் காலும் சிரித்த முகமும் மட்டும் சின்னத்தைச் சுற்றித் தெரிந்தன. சபை நெஞ்சில் கையை வைத்துப் பாடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள், போனைத் தூக்கினார்கள். பிறகு பெண்கள் மேசைகளில் தொடங்கியது. பாட்டு இரண்டாவது அடியில் செத்துப்போனது. இருப்பதா, நிற்பதா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. சின்னம் தெரியும்போது உட்கார்ந்தால் கல்லூரிக்கு அவமானம். நின்றால் தனக்கே அவமானம். அரைவாசி குனிந்தபடி சிலர் அப்படியே நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தாரணி சிரிக்கவில்லை. நேரே போய் ரஞ்சனின் மேசையில் இருந்து வயரைக் கழற்றித் தன் லாப்டொப்பில் கொழுவினாள். வந்து தகப்பனின் கையில் இருந்த மைக்கை வாங்கினாள்.

“சொறி. இது நான் தந்த படம் இல்லை. நான் ஐடியில வேலை செய்யேல்லை. பழைய படம் திருத்திறதுதான் என்ட வேலை. இதுதான் நான் திருத்தினது.”

அவ்வளவுதான் சொன்னாள். படத்தை ஓட விட்டாள்.

நான் அதை முதல் முதலாக அப்போதுதான் பார்த்தேன். வெயிலில் ஒரு மரப்பலகை மேடை. இடுப்பில் நாணயம் கோத்த பட்டி. காலை அவ்வளவாக அசைக்காமல், இடுப்பாலும் வயிற்றாலும் மட்டும் ஆடுகிறா. எவ்வளவு நிதானம்! சதை ஒவ்வொன்றும் அவவின் சொல்லைக் கேட்கிறது. முடிகிற நேரம் நேரே கமராவைப் பார்த்துச் சிரித்து, வாயைத் திறந்து ஏதோ சொல்கிறா. என்ன சொன்னா என்று இனி ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. அவவின் பெயரே ஒருத்தருக்கும் தெரியாதாம். ஆனால் முகத்தில் ஒரு கீறல் இல்லை. அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் கண்ணைக் கொடுத்துத் துடைத்த முகம்.

மண்டபத்தில் ஒரு கரண்டிச் சத்தம் இல்லை. பழைய மாணவர் விருந்தில் அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை, இரண்டு நிமிட அஞ்சலியின்போதும் கண்டதில்லை. திரையில் சின்னம் இல்லை என்றதும் சனம் ஒவ்வொருவராக இருந்துவிட்டது. குணம் அண்ணை மட்டும் மேடையில் அப்படியே நின்று, அண்ணாந்து, மகள் திருத்திய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து விளக்கு வந்த பிறகும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பத்தியில் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை பாத்திரக் கடை மாடியில் அவசரக் கூட்டம். கல்லூரிச் சின்னம் பகிரங்கமாக அவமதிக்கப்பட்டுவிட்டதாம். வீடியோ வேறு வட்ஸ்அப்பில் கனடா வரைக்கும் போய்விட்டதாம். அதற்குப் பொறுப்பேற்று தாரணி எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்! சின்னத்தை வயிற்றில் ஒட்டியது இவர்கள், கை தட்டியது இவர்கள், எழும்பி நின்று பாடியது இவர்கள். மன்னிப்பு மட்டும் அந்தப் பிள்ளை கேட்க வேண்டும். வெட்கம் கெட்ட கூட்டம் என்று சொல்வதை விட வேறு மரியாதையான சொல் எனக்குத் தெரியவில்லை.

எல்லாரும் கத்தி முடிந்த பிறகு குணம் அண்ணை வாயைத் திறந்தாராம்.

“சின்னத்தைப் போடச் சொன்னது நான். மன்னிப்பு நான் கேக்கிறன்.”

நல்லதாய்ப் போச்சு என்று தலைவர் பேனாவை எடுத்தாராம். கடிதத்தைக் கல்லூரி அதிபருக்கு எழுதுவதா, சங்கத்துக்கு எழுதுவதா என்று கேட்டாராம்.

“என்ட பிள்ளையிட்டை” என்றாராம் குணம் அண்ணை.

தன் கடைச் சாவியை மேசையில் வைத்து, போகும்போது பூட்டிவிட்டுப் போங்கோ என்று சொல்லிவிட்டு, படி இறங்கிப் போய்விட்டாராம். காரை நேரே குட்மேய்ஸுக்கு விட்டிருக்கிறார், மகள் வீட்டுக்கு. அங்கே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தாரணி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாடியில் மிச்சம் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? செயலாளர் ஒருவர் தன் மகளிடம் மன்னிப்புக் கேட்பது சங்க யாப்பு விதிகளுக்கு உட்பட்டதா என்று வாக்கெடுப்பு வைத்தார்களாம். உப தலைவர் ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லையாம்... நடுநிலையாம்.

அந்த நடுநிலைவாதி இப்போது குசினியில் நின்று, தனக்குத் தானே முட்டை பொரித்துக்கொண்டிருக்கிறார்.