அட்டைப்படத்தில் தம்பியின் முகம்

என் தம்பி உயிரோடு இருக்கும்போதே அவனுக்கு நினைவஞ்சலி அச்சடித்தவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. அவன் உருவாக்கிய கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு அட்டைப்படம் செய்யத்தான் உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. கல்யாண ஆல்பம், சடங்கு வீட்டு பேனர், செத்தவர்களுக்கு ஒட்டும் நோட்டீஸ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பேன். வருகிற ஆட்களிடம் பேசுவது ஸ்டூடியோக்காரர் பொறுப்பு. எனக்குத் திரைக்குப் பின்னால் இருப்பதுதான் பிடித்திருந்தது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட உள்ளங்கை வியர்க்கும்.

தம்பி அதே ஊரில் கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்றில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ஹட்டனிலிருந்து மலைப்பாதையில் பொகவந்தலாவைக்குப் போகும் கடைசி பஸ்ஸை நாம் ஓட்டவேண்டும், அதுதான் அவனுடைய விளையாட்டு. வளைவில் தேயிலை லொறி எதிரே வரும். மாடு குறுக்கே வரும். பனி இறங்கினால் ஒன்றும் தெரியாது. இருட்டுவதற்குள் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்ச் சேரவேண்டும். இரண்டு வருடம் தனியாக இருந்து செய்தான். பெயரும் ‘கடைசி பஸ்’தான்.

அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவனுடைய பாஸ்போர்ட் ஏற்கெனவே கொழும்பில் ஒரு ஏஜென்டிடம் இருந்தது. கட்டாரில் கட்டட வேலை. கடைசியில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் தெருவில் இருந்த சீடி கடைக்காரர் முப்பது சீடி வாங்கி வைக்கச் சம்மதித்தார். அவை தீபாவளிக்குள் போய்விட்டால் கண்டியிலும் கொழும்பிலும் உள்ள தன் சொந்தக்காரர்களின் கடைகளுக்கும் அனுப்புவதாகச் சொன்னார். அப்படி நடந்தால் அவன் போகவேண்டாம் என்று அம்மாவும் ஒப்புக்கொண்டார். அட்டைப்படத்தை நான் செய்வதென்று முடிவானது. வேறு யார் செய்வார்கள்?

எனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்தேன். பஸ்ஸை ஓட்டுகிற ஆள் தெரியவேண்டுமே என்று தம்பியின் போட்டோவை எடுத்து முட்டை வடிவத்தில் வெட்டினேன். ஓரத்தை மெல்லக் கரைத்தேன். தலைக்குப் பின்னால் வெளிச்சம் வைத்தேன். இரண்டு பக்கமும் தேயிலைக் கொழுந்து, மாலை போல வளைத்து. பின்னணியில் ஊதா நிறம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் விளையாட்டின் பெயர். கீழே ஒரு மூலையில் சின்னதாக ஒரு பஸ். அவன் பட்ட பாடு நாலு பேருக்குத் தெரியட்டும் என்று, வேலை தொடங்கிய வருடத்தையும் முடித்த வருடத்தையும் நடுவில் கோடு போட்டு முகத்துக்குக் கீழேயே எழுதினேன்.

தம்பி பார்த்துவிட்டு, “அழகா இருக்குக்கா” என்றான். அவனுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

சீடிகள் கடைக்குப் போய் ஐந்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தம்பி, தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் பைப்படியில் சோப்புப் போட்டுக்கொண்டு நின்றான். டயகமவில் இருக்கிற எங்கள் அத்தை, அப்பாவின் தங்கச்சி, மாரில் அடித்துக்கொண்டு பாதையில் ஏறி வந்தார். பின்னால் வெள்ளைச் சேலை கட்டிய இரண்டு பெண்கள். தம்பி கண்ணில் நுரையோடு திரும்பினான்.

“யாரு செத்தா அத்தை?”

அத்தை அப்படியே நின்றுவிட்டார். “நீதாண்டா” என்றார். பிறகு அவனுடைய ஈரமான தோளை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார். “ஒன் படத்ததான் ஹட்டன்ல கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க. வருசமெல்லாம் போட்டு வச்சிருக்காங்கடா.”

லயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வீட்டு அண்ணன், “கருமாதி சோறு எப்ப மாப்புள?” என்று கேட்டார். தம்பியும் சிரித்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவனைத் தலைக்கு ஊற்றச் சொல்லி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “அந்தப் படத்த எடுத்துரு. அவன் இங்க இருந்தது போதும்.”

அன்று மாலையே அம்மா ஏஜென்டுக்கு, எப்போது கூப்பிட்டாலும் வருவான் என்று ஃபோன் செய்தார். அவன் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. அதை யாரும் திறந்தே பார்க்கவில்லை. திறக்கவிடாமல் செய்தது நான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கடைக்குப் போனேன். பாட்டு சீடி தேடுகிற மாதிரி நின்றுகொண்டு வருகிற ஆட்களின் விரலையே பார்த்தேன். சீடிகள் பெட்டியில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நின்றன. விரல் அவற்றைத் தள்ளிக்கொண்டே போகும். கண் சிமிட்டும் நேரம்தான் ஒவ்வொன்றுக்கும். மேல்பாதிதான் தெரியும். விரல் நின்ற இடத்திலெல்லாம் ஒரே ஒரு பொருள் இருந்தது: ஒரு கார், ஒரு முகம், ஒரு துப்பாக்கி. எங்களுடையதில் விரல் நின்றது, ஆனால் உடனே விட்டுவிட்டது. ஒரு பையன் கையைக் காற்சட்டையில் துடைத்தான். தெருவுக்கு அந்தப் பக்கம் போய், கண்ணாடிக்குள் வைத்திருந்ததைப் பார்த்தேன். ஊதா நிறத்தில் ஒரு கறை தெரிந்தது. அவ்வளவுதான்.

ஸ்டூடியோ கமெராவைக் கேட்டு வாங்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் விடியற்காலை நானும் தம்பியும் பொகவந்தலாவைப் பாதையில் ஒரு வளைவில் போய் நின்றோம். பனி கீழேயிருந்து ஏறிக்கொண்டிருந்தது. முதல் பஸ் வளைவில் திரும்பியபோது முன்சக்கரம் பாதையின் ஓரத்துக்கே வந்தது. அதற்கப்பால் வெறும் வெள்ளை. நான் அந்த ஒரு படத்தைத்தான் எடுத்தேன்.

கம்ப்யூட்டரில் பஸ்ஸைப் பெரிதாக்கி அட்டை முழுவதும் நிரப்பினேன். பாதி பஸ் வெளியே போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும் போர்டு மேல்பாதியில் வந்தது. அதில் இருந்த எழுத்தை அழித்து ‘கடைசி பஸ்’ என்று எழுதினேன். வேறு ஒன்றும் வைக்கவில்லை. மாலையும் வெளிச்சமும் வைக்கக் கை துடித்தது. நகத்தளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். அப்போதும் அது விழப்போகிற பஸ்ஸாகவே இருந்தது.

தம்பி ரொம்ப நேரம் பார்த்தான். “இதுல நான் எங்கக்கா?”

“நீ இல்ல.”

கடைக்காரர் எங்கள் சீடிகளைத் திருப்பிக் கொடுக்க ஒரு பெட்டியில் கட்டி வைத்திருந்தார். செத்த வீட்டு நோட்டீஸை எவன் வாங்குவான் தங்கச்சி என்று கேட்டார். இன்னும் ஒரு வாரம் தாருங்கள் என்று கேட்க வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். அதற்குப் பதிலாகப் புது அட்டையை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். அவர் அதை எடுத்துப் பெட்டியின் முன்னால் நிறுத்தி, வாசல் வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தார்.

“இத மொதல்லயே கொண்டாந்திருக்கலாமே தங்கச்சி.”

முப்பதுக்கும் அட்டை மாற்றினோம். இரண்டாம் நாளிலிருந்து சீடிகள் போகத் தொடங்கின. சிங்களப் பிள்ளைகளும் போர்டைப் படிக்கத் தெரியாமல், அந்த பஸ் சீடி என்று கேட்டு வாங்கினார்களாம். ஆனால் அந்த வாரமே விசா வந்துவிட்டது. மறுத்தால் பாஸ்போர்ட் திரும்பி வராது என்றார் ஏஜென்ட். சீடி விற்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் கொழுந்துக் கூடையைத் தட்டிக்கொண்டே, “உசுரோட எங்கயாச்சும் இருக்கட்டும்” என்றார். அவருடைய கண்ணில் இன்னும் அந்த முதல் படம்தான் நின்றது. அதை அழிக்க எனக்கு எந்தப் படமும் செய்யத் தெரியவில்லை.

தம்பி செவ்வாய்க்கிழமை போனான். சனிக்கிழமை கடைசி சீடியும் விற்றுவிட்டதென்று கடைக்காரர் ஆள் அனுப்பினார். போனேன். கண்டிக்கும் வேண்டும் என்றார்; அதோடு, இதையே எத்தனை நாள் விற்பது, அடுத்த பாகம் எப்போது, தீபாவளிக்கு வருமா என்று கேட்டார். செய்தவன் ஊரிலேயே இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

கண்டிக்குப் பழைய சீடியைப் பதிந்து அனுப்பினேன். பிறகு அடுத்த பாகத்துக்கு ஓர் அட்டைப்படம் செய்தேன். அதே வளைவில் மழை, இரண்டு விளக்கு மட்டும். நான் செய்ததிலேயே அதுதான் நல்ல படம். அச்செடுத்துக் கட்டாருக்குத் தபாலில் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அவன் ஃபோன் செய்தான். படம் நன்றாக இருக்கிறது, கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன் என்றான். பிறகு, “இங்க கம்ப்யூட்டர் இல்லக்கா” என்றான்.

கடைக்காரர் பிறகும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் போக அந்தத் தெருவை விட்டு, மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள படிகளில் இறங்கிப் போகப் பழகிக்கொண்டேன்.