சிலுவைக் கல்லிலிருந்து பதினோரு காலடி

மூன்று வருடம் ஆகிறது. ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு புதன்கிழமை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஆட்டோவோடு நின்றிருந்தேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். பாடியில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலை. வானகரம் போகிற வழியில் ஏரிக்கரைப் பக்கம் போகணும் என்றார். அங்கே எந்த இடம் என்று கேட்டேன்.

"ரெண்டு பனமரம், ஒரு கெணறு, ஒரு சிலுவைக் கல்லு. அங்க வுடு நைனா."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. வண்டியை எடுத்தேன். வழியில் அவரே கதையைச் சொன்னார்.

அந்த அம்மாவின் மகள் ஒன்பது வயதில் காய்ச்சலில் இறந்துபோனது. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் புதைத்தார்கள். கல்லறை கட்ட அவர்களுக்கு வசதியில்லை. அங்கே யாருமே கட்டவில்லை. சிலுவைக் கல் யார் காலத்ததோ, அது மட்டும்தான் அங்கே கல். அதிலிருந்து காலடி அளந்து மனதில் வைத்துக்கொள்வார்கள். இந்த அம்மாவுக்குக் கிழக்கே பதினோரு காலடி. கல்லறைத் திருநாளுக்கு வந்து, அளந்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார். புருஷன் படுக்கையில் விழுந்த பிறகு எட்டு வருடம் வர முடியவில்லை. இப்போது அவரும் போய்விட்டார். சனிக்கிழமை அந்தப் பக்கம் கட்டடத்துக்குத் தோண்டப் போகிறார்கள் என்று யாரோ சொல்ல, ஓடி வந்திருக்கிறார். மகள் எலும்பையாவது எடுத்து அதன் அப்பா பக்கத்தில் வைக்கணும். அவ்வளவுதான் கேட்டார்.

ஆட்டோவுக்கு வருவதற்கு முன்னால் நான் பொக்லைன் ஓட்டினேன். ஏரிக்கரையில் மனை போடுவதற்கு மண்ணைச் சமன் செய்தது நான்தான். முள்ளுக்குள்ளே அந்தக் கல் வந்தது. என் உயரம். சிலுவை செதுக்கி, அதன் கீழே படிக்க முடியாத எழுத்து. சூப்பர்வைசர் ஓடி வந்தார். "யார்னா பார்த்தா வேலை நின்னுடும். உள்ள தள்ளு" என்றார்.

எங்கள் தொழிலில் அதற்கு ஒரு முறை உண்டு. சாமிக்கல்லோ எழுத்துக்கல்லோ வந்தால் உடைக்க மாட்டோம். அதே இடத்தில் ஆழமாகத் தோண்டி, குப்புறப் படுக்கவைத்து, மேலே கற்பூரம் ஏற்றி, மன்னிப்புக் கேட்டுவிட்டு மூடுவோம். நானும் கேட்டேன். பாவம் தீர்ந்தது என்று நினைத்தேன். சுற்றி மண்ணுக்கடியில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை. பிறகு அந்த நிலம் வழக்கில் மாட்டி, முள் முளைத்துக் கிடந்தது.

புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாள் அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு, அந்த முள்காட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றினேன். பனைமரம் இல்லை. கிணற்றை மூடிவிட்டார்கள். பெரிய ரோட்டில் மெட்ரோ வேலைத் தூசிக்கு அடியில் ஒரு பழைய மைல்கல். இறங்கி முந்தானையால் துடைத்துப் பார்த்தார். வயல் ஓரத்தில் ஒரு சர்வே கல். மேலே குறுக்கே வெட்டுக்குறி இருந்தது. அதைச் சிலுவை என்று நினைத்து முட்டி போட்டுவிட்டார். நான்தான் எழுப்பினேன். வேறு ஒரு இடத்தில் மஞ்சள் பூசிய கல். கொஞ்சம் மஞ்சளைச் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். அங்கே இருந்த பொம்பளை துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது.

டீக்கடைக்காரருக்கு எங்களைப் பார்த்துச் சிரிப்பு. "இன்னா அண்ணாத்தே, கல்லு கல்லா தேடிகினு கீற? ஊடு கட்டப் போறியா?"

அந்த அம்மாவும் சிரித்தார். அந்த மூன்று நாளில் ஒரே முறை.

முதல் நாளே, சிக்னலில் நின்றபோது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "அத்தப் புடுங்கிப் போட்டவன் கை வெளங்காது நைனா" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. கல்லைப் புதைத்த மறுவருடம் பொக்லைன் பக்கெட்டில் நசுங்கிப் போனது. அதனால்தான் ஆட்டோவுக்கு வந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். வாயையும் மூடிக்கொண்டேன்.

வெள்ளி ராத்திரி தூங்கவில்லை. சனிக்கிழமை காலை அவர் வண்டியில் ஏறியதும் சொல்லிவிட்டேன். கையையும் காட்டினேன். அவர் கையைப் பார்த்தார்.

"எடம் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப போ."

போனோம். சுற்றி தகரம் அடித்துவிட்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி, உள்ளே பொக்லைன் ஓடுகிறது. ஒரு மணி நேரம் கொடுங்கள், கடப்பாரை போதும் என்று கெஞ்சினேன். "பேப்பர் இன்னா வெச்சிகினு கீற?" என்றான். எங்களிடம் ஒன்றும் இல்லை.

தகரத்தை ஒட்டி நின்றோம். திடீரென்று உள்ளே வண்டி நின்றது. பேச்சுக் குரல். பிறகு அதுவும் இல்லை.

"ஏன்பா நின்னுடுச்சி? வுடுறாங்களா?" என்றார்.

தகரத்துக்கு மேலே மெல்லிசாகக் கற்பூரப் புகை வந்தது.

இந்த முறை நான் மறைக்கவில்லை. "உன் கல்லு வந்துடுச்சிம்மா" என்றேன்.

இரண்டு கையாலும் தகரத்தை அடித்தார். மகள் பேரைச் சொல்லி அடித்தார். நானும் அடித்தேன். யாரும் திறக்கவில்லை. புகை அடங்கியது. வண்டி திரும்ப ஓட ஆரம்பித்தது.

அவர் கையில் ரத்தம். அதைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டார். "நீயும் இப்டிதான் ஏத்துனியா?"

"ஆமாம்மா."

பாடி வரை கொண்டுபோய் விட்டேன். இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

இப்போது அங்கே ஏழு மாடி நிற்கிறது. கல்லறைத் திருநாளன்று கேட்டுக்கு வெளியே ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறேன். அந்த அம்மா ஒரு முறையும் வரவில்லை. அவருக்கு அளக்க அங்கே எதுவும் இல்லை. புதன்கிழமையே நான் வாயைத் திறந்திருந்தால் பதினோரு காலடிதான், மூன்று வருடமாகியும் அதை நான் நடந்து முடிக்கவில்லை.