ஆறாவது நிலைக்கு என்ன பெயர் எழுதுவது?

நான் கட்டிய வானொலி வாங்கியில் எந்த அலைவரிசைக்குத் திருப்பினாலும் சினிமாப் பாட்டுத்தான் கேட்கிறது என்று காங்கேசன்துறை மகாலிங்கம் நமது வானொலி ஆர்வலர் சங்கக் கூட்டத்தில் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சிரித்தது நினைவிருக்கும். வலிமையான ஒலிபரப்பு நிலையமொன்று மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுவதே அதற்குக் காரணம்.

இன்று அவரைக் கோப்பாய்க்கு அழைத்தேன்.

நாம் பயன்படுத்தும் ஐந்து அலைவரிசைகளுக்கும், வேண்டாத நிலையங்களைத் தடுக்கும் தனித்தனி வடிகட்டிகள் செய்திருக்கிறேன். அவற்றின் கம்பிச் சுருள்கள் யாவும் என் கையால் சுற்றியவை. ஒரே சுழல் ஆளியை, அதாவது சுவிட்சை, திருப்பி மாற்றிக்கொள்ளலாம். ஆளியின் ஆறாவது நிலையில் மட்டும் வடிகட்டி இல்லை.

ஐந்தில் ஒன்றான நாற்பது மீற்றர் அலைவரிசைக்குத் திருப்பினேன். பாட்டு அறவே நின்றது.

"அண்ணை, ஏரியல் கழண்டுபோச்சு போல."

"இல்லை. அதுதான் வடிகட்டி."

"சும்மா பகிடி விடாதேங்கோ!"

முற்றத்துக்கு ஓடி, தென்னையில் கட்டிய கம்பியை இழுத்தே பார்த்துவிட்டு வந்தார்.

"கம்பி இறுக்கமாத்தான் கிடக்கு."

ஆறாவது நிலைக்குத் திருப்பினேன்; பாட்டு முழங்கியது. மீண்டும் நாற்பது மீற்றர். அந்த அமைதிக்குள் மெல்லிய மோர்ஸ் ஒலி கேட்டது. எங்கோ தொலைவில் ஒருவர் பதிலுக்காக அழைத்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு உண்டான பெருமையை மறைக்கப்போவதில்லை.

"ஓம் அண்ணை, ஒத்துக்கொள்ளுறன். ஆனா அந்த ஆறாவதுக்கு ஒருக்கா விடுங்கோ. பாட்டு முடியட்டும்."

முகப்புத் தகட்டில் ஐந்து நிலைகளுக்கும் மீற்றர் அளவை முறைப்படி எழுதிவிட்டேன். ஆறாவதற்கு 'மகாலிங்கம்' என்பதைவிடப் பொருத்தமான பெயர் இருந்தால் அறியத்தாருங்கள்.