முத்துமாலைக்குள்ளால் போன தாலிக்கொடி

தம்பியின் கலியாணம் உருத்திரபுரத்தில், பெண் வீட்டில். அக்கா என்பதால் நான்தான் தோழி. தாலி கட்டும்போது பெண்ணின் பின்னலைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை.

அலங்காரம் செய்ய வந்த பிள்ளை பெண்ணை அலங்கரித்ததோடு நிற்கவில்லை. வயல்வெயிலில் கறுத்த தம்பியின் கழுத்திலும் ஒரு முத்துமாலையைக் கட்டிவிட்டாள். மேல்வடம் கழுத்தோடு ஒட்டியிருக்கும்; மற்ற வடங்கள் நெஞ்சில் தொங்கும். இந்தியாவில் மகாராசாக்கள் அப்படித்தான் போடுவார்களாம். முத்து சந்திரனுக்கு உரியதாம், ராசாவின் கோபத்தைக் குளிரப்பண்ணுமாம்.

பெரியப்பா கதிரையில் இருந்தபடி சொன்னார்: "மன்னார்க் கடலில குளிச்செடுத்த முத்தெல்லாம் அந்த ராசாக்களிட்டப் போச்சு. இப்ப பிளாஸ்டிக்காத் திரும்பி வருது."

தம்பி அதைக் கழற்றிக் கழற்றி வைத்தான். பொறுமையிழந்த அந்தப் பிள்ளை, பிடரியில் போட்ட முடிச்சுக்குச் சூப்பர் குளூவும் விட்டாள்.

கெட்டிமேளம் முழங்கியது. பதற்றத்தில் தம்பி, தாலிக்கொடியைத் தன் மாலையின் கீழ்வடத்துக்குள்ளால் விட்டுப் பெண்ணின் கழுத்தில் பூட்டிவிட்டான். அவன் நிமிர, பெண்ணும் கூடவே எழும்பினாள்.

பூட்டிய தாலியைக் கழற்றுகிற கதைக்கே இடமில்லை. மாலையும் தலையால் வராது. யாரோ கத்திரிக்கோல் கொண்டுவர, பெண்ணின் தாய் குறுக்கே வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"தாலி ஏறின கழுத்துக்குக் கிட்ட அது வரக்கூடாது. என்ர பிள்ளையின்ர வாழ்க்கை."

கத்திரிக்கோல் வந்த வழியே திரும்பிப் போனது. மூக்கும் மூக்கும் முட்ட, இருவரும் நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்து அக்கினியைச் சுற்றினார்கள். அறுகரிசி தூவி வாழ்த்த வந்த சனம் இதைப் புதுப் பாணி என்று நினைத்துவிட்டது. படம் பிடிப்பவர் இன்னொருதரம் சுற்றச் சொன்னார்.

சாப்பாட்டுக்கு இருந்தபோதுதான் கரைச்சல். தம்பி குனிந்தால் பெண்ணின் முகம் சோற்றில் படும். அவளுக்கோ சரியான பசி.

"ராசா, கொஞ்சம் ஆடாமல் இருங்கோ" என்றவள், அந்த வடத்தை எட்டிப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பாதி முத்து நிலத்தில் ஓடியது. மீதி, அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்த பாயாச வாளிக்குள். சவ்வரிசிக்குள் எதைத் தேடுவது? பெரியப்பா வெகுநேரம் மென்று பார்த்துவிட்டு, சவ்வரிசி வேகவில்லை என்று குறை சொன்னார்.

பெண்ணின் தாய் ஓடிவந்து தாலிக்கொடியை விரலால் தடவிப் பார்த்தார்.

"கத்திரிக்கோல் படேல்லைத்தானே?"

ஓம், படவில்லை என்றேன். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காதவர், பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, தனக்கும் கொஞ்சம் பாயாசம் விடச் சொன்னார்.