சுகந்தி டீச்சரும் செயின் எண்ணெயும்

ஞாயிறு காலை. சூலூர் பேக்கரி வாசலில் சைக்கிள் குழுவினர் சுகந்தி டீச்சருக்காகக் காத்திருந்தோம். அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது; பேசியது வேறு ஆள். "ஏனுங்க, இந்த ஃபோன்காரம்மா உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? ரோட்டுல அடிபட்டுக் கெடக்கறாங்க, சீக்கிரம் வாங்க" என்றார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கிளைச்சாலையிலிருந்து நிற்காமல் வந்த கார் மோதியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பள்ளியில் வேதியியல் நடத்தியவர், நம் குழுவில் நடத்தியது செயின் எண்ணெய்ப் பாடம். சோமனூரில் தறி ஓட்டும் பழனிசாமி அண்ணனை எல்லோருக்கும் தெரியும். அவருடைய கியர் சைக்கிளில், கெட்டி எண்ணெய் மேல் பஞ்சு அப்பிக் கிடந்தது. "ஏனுங்கண்ணா, செயினுக்கு ஸ்வெட்டர் போட்டு உட்டிருக்கீங்களா?" என்று டீச்சர் கேட்டதும் அவரே சிரித்துவிட்டார். "செரி அம்மணி, எதுதான் நல்ல எண்ணெய்?" "நல்ல எண்ணெய்னு ஒண்ணு இல்லீங்க. எங்க ஓட்டறீங்கன்னு சொல்லுங்க." தூசிக்கு மெழுகு கலந்தது, மழைக்குக் கெட்டியானது, செயின் கவர் போட்ட பழைய சைக்கிளுக்குத் தையல் மிஷின் எண்ணெயே போதும் என்று சொல்லி அனுப்பினார்.

வால்பாறை மலை ஏறிய அன்று மழை பிடித்துக்கொண்டது. எங்கள் செயின்கள் மெழுகெல்லாம் கழுவிப்போய்க் கிறீச்சிட்டன. கெட்டி எண்ணெய் போட்டு வந்திருந்த டீச்சரின் செயின் மட்டும் சத்தமில்லாமல் ஏறியது. மேலே போனதும் எங்கள் செயின்களுக்கும் சொட்டு சொட்டாக விட்டார். "ஸ்ப்ரே அடிச்சா சீக்கிரம் முடியுமே" என்றேன். "டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு அது ஆகாதுங்க. சக்கரத்து நடுவுல இருக்கற டிஸ்க்குல தெறிச்சா பிரேக் புடிக்காது" என்றார்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் கணவர் பாஸ்கரன் என்னைக் கார் ஷெட்டுக்கு அழைத்துப் போனார். நசுங்கிய சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது.

"அவ போனதுக்கு முந்துன நாளு நான்தானுங்க செயினுக்கு ஸ்ப்ரே அடிச்சேன். என்ற பைக்குக்கு வாங்கி வெச்சது. அவகிட்டச் சொல்லலீங்க. ஓட்டறப்ப தெரிஞ்சு சந்தோசப்படட்டும்னு இருந்துட்டேன். நேத்து அவ ஃபோன்ல, உங்க சைக்கிள் குரூப்புக்கு அவ போட்ட பழைய மெசேஜைப் படிச்சேன். டிஸ்க்குல படக்கூடாதாமே?"

பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் உடனே நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் நின்றது. முன்சக்கரம் வளைந்து கிடந்ததால் அந்தப் பிரேக் எப்படி இருந்தது என்று பார்க்க வழியில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்பிரேக்குல எண்ணெய் பட்டிருக்குதுங்க" என்றேன். "ஆனா வண்டிய நிறுத்தறது பெரும்பாலும் முன்பிரேக்குதான். காரும் நிக்காமதான் வந்திருக்குது. பிரேக் நல்லா இருந்திருந்தா தப்பிச்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியலீங்க."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீங்களும் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். பொய் சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது எது என்று கேட்டால், பாஸ்கரனைத்தான் சொல்ல வேண்டும். இப்போது ஞாயிறுதோறும் குழு சைக்கிள் ஓட்டி முடித்ததும் அவர் என்னை ஃபோனில் அழைக்கிறார். "எல்லாரும் ஊடு போய்ச் சேந்துட்டாங்களா?" என்பார். ஒவ்வொருவரிடமும் முன்பே கேட்டு வைத்திருந்து, "சேந்துட்டாங்க" என்கிறேன். அதன் பிறகுதான் ஃபோனை வைக்கிறார்.