மாத்திரைக்கு வந்தவர்களும் ஊசிக்கு நின்றவர்களும்: மாதனூரில் ஒரு புதன்கிழமை

போன ஆகஸ்டில் நான் வேலூர்ப் பக்கம் போனது அமிர்தி அருவிக்காக. ‘மழை முடிந்ததும் தண்ணீர் கொட்டும்’ என்று யாரோ இணையத்தில் எழுதியிருந்ததை நம்பினேன். சென்னையிலிருந்து காலை ரயிலில் காட்பாடி, அங்கிருந்து வேலூர், பிறகு இருபத்தைந்து கிலோமீட்டர் பேருந்தில் அமிர்தி. அருவியில் என் வீட்டுக் குழாயைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். காடு அழகு, அதைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவதாகத் திட்டம்.

ஆம்பூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால், மாதனூரில் என் கல்லூரித் தோழி கவிதா இருக்கிறாள். கிராம சுகாதார செவிலியர். வேலூரிலிருந்து ஆம்பூர் பேருந்தில் ஒரு மணி நேரம், நாற்பது ரூபாய்க்குள் டிக்கெட். அன்றிரவு அவள் வீட்டில் தங்கினேன்.

“காலைல அஞ்சரைக்கு எழுந்துரு. என்கூட வந்துட்டு அப்புறம் உன் பிரியாணிக்குப் போ” என்றாள்.

சுற்றுலா வந்த இடத்தில் அஞ்சரைக்கு எழுப்புகிறவளை எந்தக் கணக்கில் தோழி என்பது? முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். வழக்கமாக ஒன்பது மணிக்குத் தொடங்கும். ஆனால் இந்தக் கிராமங்களில் ஏழு மணிக்கே ஷூ கம்பெனி பஸ் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போய்விடும். ஒன்பது மணிக்கு முகாம் வைத்தால் யார் பிள்ளையைத் தூக்கி வருவது? அதனால் கவிதா மேலிடத்தில் கேட்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலுள்ள அங்கன்வாடியில் ஆறேகாலுக்கே முகாம் வைத்திருந்தாள். கூடவே அது குடற்புழு மாத்திரை கொடுக்கும் மாதம். இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டாள்.

“பூச்சி மாத்திரைன்னா நாலு பேர் தேடி வருவாங்க. ஊசின்னா கதவைச் சாத்திக்குவாங்க. எப்படியோ வாசல் வரைக்கும் வரட்டும்னுதான்” என்று ஐஸ் பெட்டியைத் திறந்தபடி சொன்னாள். தோழியை அன்றுதான் வேலையில் பார்த்தேன்.

நஸ்ரின் வந்தது ஆறரைக்கு. ஷூ கம்பெனியில் தையல் வேலை, கழுத்தில் அடையாள அட்டை, இடுப்பில் ஒன்றரை வயது அயான், அவன் கையில் பாதி கடித்த பன். அவனுக்கு ஒன்றரை வயது ஊசி இரண்டு முறை தப்பிப் போயிருந்தது. இந்த முறையும் தப்புமோ என்றுதான் கவிதாவுக்குக் கவலை.

“மாத்திரை மட்டும் குடு சிஸ்டர். பூச்சி அரிச்சு ராத்திரி பூரா சொறிஞ்சிக்கிறான், தூக்கமே இல்ல. ஊசி அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்றாள் நஸ்ரின். “போன ஊசிக்கு ரெண்டு நாள் காய்ச்சல். நான் லீவு போட்டு, அவங்க அப்பா கத்தி, ஒரே பேஜாராப் போச்சு.”

“மாத்திரை கண்டிப்பா குடுக்கறேன். அதுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா போட்டா ரெண்டும் இன்னிக்கே முடிஞ்சிடும்” என்றாள் கவிதா. வற்புறுத்தவில்லை.

அதற்குள் ஒரு சொதப்பல் நடந்தது. நஸ்ரினுக்கு முன்னால் நின்ற பெண்ணின் குழந்தைக்கு, பஸ் வந்துவிடும் என்ற அவசரத்தில், கவிதா ஊசியை முதலில் போட்டுவிட்டாள். அது வீறிட்டதைப் பார்த்து அயானும் ஆரம்பித்தான். அழுகிற குழந்தை வாயில் மருந்தை ஊற்றினால் புரையேறும். இந்த வயதுக்கு அரை மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துத்தான் கொடுக்கிறார்கள், அதையும் குழந்தை அமைதியான பிறகுதான். மாத்திரை முதலில், ஊசி பிறகு என்பதே சரியான வரிசை. “தெரிஞ்சும் மாத்திட்டேன்டி” என்று கவிதா என்னிடம் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு பஸ் வந்து ஹாரன் அடித்தது. அயான் இன்னும் விசும்பிக்கொண்டிருந்தான்.

“கைல குடுத்துடு சிஸ்டர், அண்ணி ஊட்டிடுவாங்க.” பகலில் அயானைப் பார்த்துக்கொள்வது நஸ்ரினின் அண்ணி.

“கைல தர முடியாது நஸ்ரின். என் கண் முன்னால குடிக்கணும்.”

மறுபடி ஹாரன். நஸ்ரின் பிள்ளையைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். அப்போது டிரைவர் தாஸ் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். ஒரு கட்டையை எடுத்து டயர்களைத் தட்ட ஆரம்பித்தார்.

“இன்னாண்ணே, பஞ்சரா?” என்று ஜன்னலிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

“காத்து கம்மியா இருக்கற மாதிரி தெரியுது. செக் பண்றேன்.” எல்லா டயரும் கல் மாதிரி இருந்தன. தட்டி முடித்தவர் நேராக வந்து அயானை வாங்கிப்போய் தன் இருக்கையில் உட்காரவைத்து, ஹாரனை அமுக்கவிட்டார். ஊரையே எழுப்பிவிட்டுப் பையன் சிரித்தான். நன்றாகச் சிரித்து ஓய்ந்ததும், டிரைவர் மடியிலேயே கரைத்த மருந்தைக் கவிதா கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். குடித்துவிட்டான்.

“ஊசி?” என்றாள் கவிதா, ஒரே ஒருமுறை.

“போட்டா அரை மணி நேரம் உக்காரணும், பஸ் போய்டும். கேட்ல திட்டுவாங்க” என்றாள் நஸ்ரின். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அதனால் நான் வாயைத் திறந்தேன். ஆம்பூருக்கு நான் சொல்லிவைத்த ஆட்டோ ஏழரைக்கு வருகிறது, வழியில் கம்பெனி வாசலில் இறக்கிவிடுகிறேன் என்றேன். “கேட்ல நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கறேம்மா” என்று தாஸ் அண்ணன் பஸ்ஸைக் கிளப்பினார்.

நஸ்ரின் ஏறவில்லை. ஊசி போட்டதும் அயான் போட்ட சத்தம் பஸ் ஹாரனைத் தோற்கடித்தது.

அரை மணி நேரம் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அண்ணி வந்து வாங்கிக்கொள்ள, ஆட்டோவில் கிளம்பினோம். பஸ் ஊர் ஊராகச் சுற்றிப் போவதால் எங்களுக்கு ஐந்து நிமிடம்தான் தாமதம். “காய்ச்சல் வராதுல்ல அக்கா?” என்று வழியில் நஸ்ரின் கேட்டாள். வரலாம் என்று கவிதா முன்பே சொல்லியிருந்தாள். அதையே நானும் சொன்னேன். அதற்குப் பிறகு நான் சாப்பிட்ட பிரியாணியின் ருசி சுத்தமாக நினைவில்லை.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: அமிர்திக்கு அக்டோபருக்குப் பிறகு போங்கள். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் ஜாஸ்தி, அந்த நேரத்தைத் தவிர்த்தால் நல்லது. ஆட்டோவுக்கு மாதனூரிலிருந்து ஆம்பூர் வரை நான் கொடுத்தது முந்நூறு ரூபாய், பேரம் பேசினால் குறையும். கைக்குழந்தையோடு பயணம் திட்டமிடுகிறவர்கள், ஊசி போட்ட மறுநாள் எங்கும் கிளம்பாதீர்கள்.

அன்றிரவு அயானுக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் நஸ்ரின் வேலைக்குப் போகவில்லை. அவள் கணவர் கவிதாவுக்குப் போன் போட்டுக் கத்தினாராம். கவிதா போனில் இதைச் சொன்னபோது, வீணாக மூக்கை நுழைத்துவிட்டோமே என்று எனக்குக் குற்ற உணர்வாகவே இருந்தது. அடுத்த புதன்கிழமை மறுபடி கவிதா கூப்பிட்டாள். ஆறரைக்கு நஸ்ரின் அங்கன்வாடிக்கு வந்தாளாம், கூடவே அண்ணியும் அண்ணியின் பெண் குழந்தையும். கவிதா பெட்டியைத் திறப்பதற்குள் நஸ்ரின் அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்:

“மொதல்ல மாத்திரை, அப்புறம்தான் ஊசி. ராத்திரி காய்ச்சல் வரும், பயப்படாதீங்க. நாளைக்கு அயானை நான் பாத்துக்கறேன், கம்பெனில லீவுன்னு இப்பவே சொல்லிட்டேன்.”