செம்பில் பாதித் தண்ணீர்

மகளின் கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருக்கையில்தான் எனக்கு உறைத்தது: தாரை வார்க்க வேண்டியவன் நான். மணமக்களின் சேர்த்துப் பிடித்த கைகள்மேல் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். எனக்கோ தண்ணீர் என்றால் பயம். குளமோ ஆறோ அல்ல. மூடியில்லாத பாத்திரத்தில் ஆடும் தண்ணீர். செம்பைப் பாதிக்கு மேல் நிரப்பியதே இல்லை.

மனைவி சமையலறையில் ஒத்திகை வைத்தாள். நான் லுங்கியில், அவள் நைட்டியில். ஐந்து நாளும் ஒரு சொட்டு சிந்தவில்லை. ஐந்து முறையும் டைரியில் எழுதினேன். ஆறாம் நாள் கோயிலுக்குக் கிளம்பியவள் பட்டுச்சேலையோடு வந்து கையை நீட்டினாள். செம்பு தரையில் விழுந்து உருண்டது.

"இன்னாங்க இது? நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஊத்தினு இருந்தீங்க!"

பழைய டைரிகளை எடுத்து, பயந்த இடங்களைச் சிவப்பு மையில் கோடிட்டேன். நிச்சயதார்த்தத்தில் பன்னீர்ச் செம்பு. மச்சினன் கல்யாணப் பந்தியில் ரச வாளி. எல்லா இடத்திலும் பக்கத்தில் பட்டு இருந்திருக்கிறது.

அப்புறம்தான் அது நினைவுக்கு வந்தது. எனக்கு ஐந்து வயது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் நெசவுத் தெரு நீளத்துக்கும் பட்டு நூலை இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருந்தார்கள். ஒரு சொட்டு பட்டாலும் சாயம் திட்டாகிவிடும். நான் தளும்பத் தளும்ப டம்ளரோடு வந்து நின்றேன். தெருவே "தண்ணி! தண்ணி!" என்று அலறியது. அப்பா திட்டவில்லை. டம்ளர் சாயாமல் என்னை அப்படியே தூக்கி, பாவின் ஓரமாகவே நடந்து, தெருக்கோடியில் இறக்கிவிட்டார். அதுவரை ஒருவரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

காரணம் தெரிந்ததால் பயம் போய்விடவில்லை. மகள் கட்டப்போகும் கூறைப்புடவை நான் இருபத்தாறு நாள் நெய்தது.

"நீ பருத்திச் சேலை கட்டிக்கயேன்" என்றேன் மகளிடம்.

"பட்டு நெய்யுறவன் பொண்ணு பருத்தியிலயா? காஞ்சிபுரமே சிரிக்கும்பா."

வழி கண்டது மனைவிதான். மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் தறியை மூடும் பாலிதீன் தாளைத் துடைத்து மடித்து மண்டபத்துக்கு எடுத்துவந்தாள். தாரை வார்க்கும் நேரத்தில் மகளின் கழுத்திலிருந்து முழங்கால் வரை போர்த்தினாள். கைகள் மட்டும் வெளியே. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்.

"இன்னா சம்பந்தி, பொண்ணு பார்சலா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"இந்தச் சேலை எங்கப்பா நெய்ததுங்க மாமா. இன்னும் அவர் தறியை விட்டு இறங்கல" என்றாள் மகள். "நீ ஊத்துப்பா."

ஊற்றினேன். பாதி ஊற்றியிருப்பேன், ஒரு சொட்டு தெறித்து மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் விழுந்தது.

"தண்ணி!"

கத்தியது நானல்ல, மகள். பிடித்திருந்த கையை உதறிவிட்டு அந்த வேட்டியை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தறி இல்லாத அவர்கள் வீட்டில் டம்ளரை முழுக்க நிரப்புவார்கள் போலிருக்கிறது.

மனைவி பாலிதீன் தாளின் மறுபாதியைப் பிரித்து அவருக்கும் போர்த்திவிட்டாள். கைகளை மறுபடி சேர்த்து வைத்தாள்.

மிச்சத்தை ஊற்றி முடித்தேன்.